போத்தலின் பின்பக்கத்தையும் பாருங்கள்



கடந்த மாதம் எமது சேமிப்புக் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு தங்கச்சி மட்டும் வீட்டுக்குப் போகாமல் கிணற்றடியில் நின்றாள். மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. எல்லோரும் போன பிறகு, சொப்பிங் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து என் கையில் தந்தாள். உடம்புக்குப் பூசும் லோஷன். லண்டனில் இருக்கும் அவளது பெரியம்மா அனுப்பிய பார்சலில் வந்தது. மூடியைத் திறந்ததும் ஏதோ ஒரு வெள்ளைப் பூவை நினைவுபடுத்தும் குளிர்ந்த வாசம் வந்தது.

“அக்கா, இதுக்குள்ள இருக்கிற வாசச் சாமானை வெளிநாட்டில தடை செய்திட்டாங்களாம். பூசினா பிள்ளை தங்காதாம். வட்ஸ்அப்பில வந்தது. நான் ரெண்டு வருசமா இதைத்தான் பூசினனான். இதாலதானோ அக்கா?”

கடந்த வருடம் மூன்றாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்தது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாமல் இருந்தது, அதன் பிறகு அந்த வீட்டில் அவள் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு. “கண்ட கண்ட கிறீமெல்லாம் பூசினா எப்பிடிப் பிள்ளை தங்கும்?” என்று மாமியார் முதலில் சாடையாகச் சொன்னாராம். அந்தச் செய்தி கைத்தொலைபேசியில் வந்த பிறகு, சாடை போய் நேரடிக் குற்றச்சாட்டாகிவிட்டது. கணவர் ஒன்றும் சொல்வதில்லையாம். “அவர் சொல்லாம இருக்கிறதுதான் அக்கா கூட நோகுது” என்றாள்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் படித்தது சமூகவியல்; இரசாயனவியல் அல்ல. “தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லமாட்டேன் தங்கச்சி. போத்தலை என்னிடம் தாரும். படித்துப் பார்த்துவிட்டு அடுத்த கிழமை வீட்டுக்கு வாறன்” என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு கிழமையில் நான் படித்ததையும் அதன்பின் நடந்ததையும்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். எங்களில் அநேகமானோரின் வீட்டு அலுமாரியில் இப்படி ஒரு போத்தலாவது இருக்கும்.

அதற்கு முன் ஒரு விடயம். வாசனைப் பொருட்களைப் பற்றி எழுதும்போது, “உங்களுக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?” என்ற தொனியில் சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அப்படி எழுத வராது. 2009ஆம் ஆண்டு செட்டிகுளத்து முகாமில் இருந்தபோது எனக்குப் பதினாறு வயது. நிவாரணப் பொதியில் வந்த ஒரு சவர்க்காரக் கட்டியை அம்மா நூலால் அறுத்து எங்களுக்குப் பங்கிட்டுத் தந்தார். குளித்துவிட்டு வந்து அந்த வாசத்தோடு படுத்த இரவுகளில்தான், நானும் ஒரு மனுசி என்ற எண்ணம் எனக்குத் திரும்ப வந்தது. ஆகவே வாசம் எங்களுக்கு ஆடம்பரம் அல்ல என்பதை நான் அறிவேன். வாசத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அது எதனால் வருகின்றது என்று கேட்கும் உரிமையும் எமக்கு உண்டு என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கின்றது?

போத்தலின் முன்பக்கத்தில் பூவின் படம் இருக்கும். பின்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில் ஆங்கிலப் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஐரோப்பிய நாடுகளின் சட்டப்படி, இந்தப் பட்டியலில் அதிக அளவில் உள்ள பொருள் முதலில் வரவேண்டும். ஆகவே லோஷன் என்றால் பெரும்பாலும் தண்ணீர்தான் முதலாவது. ஒரு வீதத்துக்கும் குறைவாக உள்ளவற்றை எந்த ஒழுங்கிலும் எழுதலாம்.

அந்தப் பட்டியலில் ‘பர்ஃபியூம்’ அல்லது ‘ஃபிராக்ரன்ஸ்’ என்று ஒரு சொல் இருக்கும். வாசனை என்பதுதான் அதன் பொருள். ஆனால் அது ஒரு பொருளின் பெயரல்ல. பல பொருட்களைக் கலந்து செய்த ஒரு கலவைக்கு வைத்த பொதுப் பெயர். எங்கள் வீட்டுக் கறித்தூள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தூள்’ என்று சொன்னால் அதற்குள் மல்லி, மிளகாய், சீரகம், மிளகு எல்லாம் அடங்கும். ஆனால் யாருக்காவது ஒரு சாமான் ஒத்துக்கொள்ளாவிட்டால், ‘தூள்’ என்ற சொல்லை மட்டும் வைத்து எது என்று கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் குறையை ஓரளவு தீர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டு ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஒவ்வாமையை உண்டாக்கக்கூடிய 26 வாசனைப் பொருட்களை, ‘வாசனை’ என்ற பொதுச் சொல்லுக்குள் மறைக்காமல், தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதவேண்டும். பூசிவிட்டு உடம்பிலேயே விடும் பொருளில் 0.001 வீதத்துக்கு மேல் இருந்தாலும், கழுவிவிடும் பொருளில் 0.01 வீதத்துக்கு மேல் இருந்தாலும் எழுதவேண்டும். 2005 மார்ச் முதல் இது நடைமுறைக்கு வந்தது. பட்டியலின் கடைசியில் லினலூல், லிமொனீன், ஜெரானியோல், சிட்ரோனெலோல் என்றெல்லாம் நீங்கள் காண்பது இதனால்தான். 2023ஆம் ஆண்டு இந்தப் பட்டியல் 80க்கும் மேற்பட்ட பொருட்களாக விரிவாக்கப்பட்டது.

நான் கொண்டுவந்த போத்தலின் பட்டியலிலும் கடைசி வரியில் ஒரு நீண்ட பெயர் இருந்தது. பியூட்டைல்ஃபீனைல் மெதில்புரொப்பியனால். வியாபாரத்தில் இதன் பெயர் லிலியால். வட்ஸ்அப் செய்தி சொன்னதும் இதைத்தான்.

லிலியால் என்பது என்ன?

பெயரைக் கேட்டால் லில்லிப் பூவிலிருந்து எடுத்தது என்று நினைப்போம். இல்லை. ஐரோப்பாவில் பள்ளத்தாக்கு லில்லி என்று ஒரு சிறிய வெள்ளைப் பூ உண்டு. அதன் வாசம் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் மல்லிகையிலிருந்தும் ரோசாவிலிருந்தும் எடுப்பதுபோல, அந்தப் பூவிலிருந்து வாசனை எண்ணெயைப் பயன்படும் அளவுக்கு எடுக்க முடிவதில்லை. ஆகவே அந்த வாசத்தைத் தரும் பொருட்களைத் தொழிற்சாலையில் செய்தார்கள். அவற்றில் ஒன்றுதான் லிலியால். பல பத்தாண்டுகளாகச் சவர்க்காரம், ஷம்பூ, லோஷன், சென்ற், சலவைத் தூள் என்று பலவற்றிலும் அது சேர்க்கப்பட்டு வந்தது.

அதற்கு ஏன் தடை வந்தது? எலிகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்துச் செய்த பரிசோதனைகளில், ஆண் எலிகளின் விதைகளும் விந்தும் பாதிக்கப்பட்டதாகத் தெரியவந்தது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விஞ்ஞானக் குழு ஒன்று இதை ஆராய்ந்து கருத்துச் சொன்னது. 2020இல் இது கருவளத்தைப் பாதிக்கக்கூடிய பொருள் என்று சட்டரீதியாக வகைப்படுத்தப்பட்டது. வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கும் என்பது, அதைவிடக் குறைந்த நிலையில், சந்தேகத்துக்குரியது என்று குறிக்கப்பட்டது. இந்த வகைக்குள் வரும் பொருட்களை, விசேட விதிவிலக்குப் பெற்றாலன்றி, அழகுசாதனப் பொருட்களில் சேர்க்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். அதன்படி 2022 மார்ச் 1 முதல், லிலியால் சேர்ந்த அழகுசாதனப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கடையில் வைத்து விற்கவும் முடியாமல் போயிற்று. அதே ஆண்டின் இறுதியில் பிரித்தானியாவிலும் தடை வந்தது.

அந்த விஞ்ஞானக் குழுவின் கருத்தில் எங்களுக்கு மிகவும் உதவக்கூடிய ஒரு விடயம் இருக்கின்றது. உற்பத்தியாளர் தரப்பு முன்வைத்த அளவுகள் சிறியவை. உதாரணமாக, உடம்புக்குப் பூசும் லோஷனில் 0.06 வீதம். அதாவது 100 கிராம் லோஷனில் 60 மில்லிகிராம். இதைத் தனியே பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு பெண் காலையில் எழும்பியது முதல் ஒரு பொருளை மட்டுமா பாவிக்கிறாள்? சவர்க்காரம், ஷம்பூ, முகக் கிறீம், கைக் கிறீம், லோஷன், சென்ற் எல்லாவற்றிலும் இதே பொருள் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால் கூட்டுத்தொகை என்ன? அப்படிக் கூட்டிப் பார்த்தபோதுதான், இது பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது என அக்குழு சொன்னது.

சிறுகச் சிறுகச் சேரும் என்பது சேமிப்புக் குழுவில் உள்ள எங்களுக்குச் சொல்லித் தரவேண்டிய பாடமல்லவே!

அப்படியானால் அந்தச் செய்தி சரிதானா?

பாதி சரி, பாதி பிழை. தடை செய்தது உண்மை. “பூசினால் பிள்ளை தங்காது” என்பது உண்மையல்ல.

ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் தன்மை இருக்கின்றது என்பது ஒன்று. அந்தப் பொருள் இந்த அளவில், இந்த வழியில், இந்த ஆளுக்குத் தீங்கு செய்தது என்பது வேறொன்று. தடை முதலாவதின் அடிப்படையில் வந்தது. எலிக்கு வாய்வழியாகக் கொடுத்த அளவும், எமது தோலினூடாக உள்ளே செல்லும் அளவும் ஒன்றல்ல. எலியின் உடம்பிலும் மனித உடம்பிலும் இது உடைபடும் விதம் ஒன்றல்ல என்ற வாதமும் அங்கே முன்வைக்கப்பட்டது. இருந்தும், தவிர்க்கக்கூடிய ஒரு வாசனைக்காக ஏன் அந்த ஐயத்தைச் சுமக்கவேண்டும் என்பதுதான் இப்படியான சட்டத்தின் நியாயம். எனக்கு அது நல்ல நியாயமாகவே படுகின்றது. ஆனால் அந்த நியாயத்தை எடுத்து ஒரு பெண்ணின் தலையில் பழியாகப் போட முடியாது.

இதைப் பற்றி எமது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்டேன். அவர் சொன்ன விடயம் எல்லாச் சகோதரிகளும் அறிந்திருக்கவேண்டியது. தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களில்தான். அப்படி ஆரம்பத்தில் கலைபவற்றில் ஏறத்தாழ அரைவாசி, கரு உருவாகும்போதே அதன் நிறமூர்த்தங்களில் ஏற்படும் பிழையால் நேர்பவை. தாய் என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள், என்ன பூசினாள் என்பதால் அந்தப் பிழை வருவதில்லை.

நாங்கள் அந்த வீட்டுக்குப் போன கதை

சொன்னபடி அடுத்த கிழமை, குடும்பநல உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு அந்தத் தங்கச்சியின் வீட்டுக்குப் போனேன். மாமியார் திண்ணையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். “வாங்கோ பிள்ளையள்” என்று பாயைப் போட்டார். நல்ல மனுசி. யுத்தத்தில் இரண்டு பிள்ளைகளை இழந்தவர். மிஞ்சிய ஒரு மகனுக்கு ஒரு குழந்தை பிறந்து அதைத் தூக்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. அவரது பேச்சுக்குப் பின்னால் இருந்தது அந்தத் துக்கம்தான் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒருவரின் துக்கம் இன்னொருவரைக் குத்துவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

நான் படித்ததை ஒன்றொன்றாகச் சொன்னேன். எலிப் பரிசோதனையைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஆண் எலிக்கோ?”

“ஓம் அம்மா. முக்கியமாகப் பாதிப்புக் கண்டது ஆண் எலிகளில்.”

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. வேலிப் பக்கம் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த மகனும் கையை நிறுத்திவிட்டார்.

சகோதரிகளே, இதை யோசித்துப் பாருங்கள். ஆண் எலிகளில் கண்ட ஒரு பாதிப்பு, கைத்தொலைபேசி மாறி, வாய் மாறி, எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது ஒரு பெண்ணின் குற்றமாகிவிட்டது. இடையில் யாரும் பொய் சொல்லத் திட்டமிடவில்லை. ஆனால் பிள்ளை இல்லை என்றால் காரணம் பெண்ணின் உடம்பில்தான் என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைத்திருக்கும் சமூகத்தில், வரும் செய்தியெல்லாம் அந்த முடிவுக்கு ஏற்றபடிதான் வளையும். நான் படித்த சமூகவியல் எனக்குப் பயன்பட்டது இந்த இடத்தில்தான். யுத்தத்தில் காணாமல்போன கணவனுக்கும் அவளது ராசிதான் காரணம் என்றார்கள். வயிற்றில் தங்காத கருவுக்கும் அவள் பூசிய கிறீம்தான் காரணம் என்கிறார்கள்.

அப்படியென்று நான் இப்போது பழியைக் கணவரின் பக்கம் திருப்பவும் இல்லை. “தம்பி, உங்களாலும் இல்லை. ஒருவராலும் இல்லை. இது நடந்தது, அவ்வளவுதான்” என்று குடும்பநல உத்தியோகத்தர் அவருக்கும் கேட்கும்படி சொன்னார். அடுத்த முறை கர்ப்பம் தரிக்க முன்னரே கிளினிக்குக்கு வந்து ஃபோலிக் அமிலக் குளிசை தொடங்கவேண்டும் என்றும், இருவரும் சேர்ந்து வரவேண்டும் என்றும் சொன்னார். தங்கச்சி தலையைக் குனிந்தபடி இருந்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது. மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் எழும்பியபோது உள்ளே போய், ஒரு பவுடர் ரின்னைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

“பிள்ளை, இதின்ர பின்பக்கத்தையும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லு.”

நாங்கள் செய்யும் சவர்க்காரத்தில் என்ன இருக்கின்றது?

இந்த விடயம் இத்தோடு முடியவில்லை. எமது குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து தேங்காய் எண்ணெயில் சவர்க்காரம் செய்கிறார்கள். பிரதேச செயலகத்தில் நடக்கும் மாதச் சந்தையில் வைத்து விற்கிறார்கள். அதில் ‘லில்லி’ என்று ஒரு வகைக்கு நல்ல கிராக்கி. அடுத்த கூட்டத்தில் நான் இந்தக் கதையைச் சொன்னபோது, சவர்க்காரம் காய்ச்சும் ஒரு அக்கா கேட்டார்: “அப்ப நாங்கள் ஊத்துற சென்ற் ஒயிலுக்குள்ள என்ன கிடக்கு?”

ஒருவருக்கும் தெரியவில்லை. நகரத்துக் கடையில் பெரிய கானிலிருந்து சிறிய போத்தலுக்கு ஊற்றித் தருவது. ‘லில்லி’ என்று பேனையால் எழுதியிருக்கும், அவ்வளவுதான். அளவும் இல்லை. ஒரு அச்சுக்கு இரண்டு மூடி, வாசம் காணாவிட்டால் இன்னுமொரு மூடி. ஊற்றும் அந்த அக்காவுக்கு ஆறு மாதமாக விரல்களில் வெடிப்பும் கடியும். வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சொல்லி, கையுறை இல்லாமல் வேலை செய்யவேண்டாம் என்றிருக்கிறார்கள். அவர் அதை எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையிலிருந்து விலக்கிவிடுவோம் என்று பயந்திருக்கிறார்.

வாசனைப் பொருட்களால் வரும் மிகப் பெரிய பொதுவான தொல்லை, உண்மையில் இந்தத் தோல் ஒவ்வாமைதான். ஒருமுறை உடம்பு ஒரு பொருளை ஒவ்வாததாகப் பழகிவிட்டால், அநேகமாக வாழ்நாள் முழுவதும் அது மாறாது. பிறகு சிறு அளவு பட்டாலும் கடிக்கும். இதே லில்லி வாசத்துக்குப் பாவித்த லைரல் என்ற இன்னொரு பொருள் பலருக்கு இப்படி ஒவ்வாமையை உண்டாக்கியதால்தான், 2017இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, 2021 ஓகஸ்ட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் விற்பனை முற்றாக நிறுத்தப்பட்டது.

“அப்ப கெமிக்கல் வேண்டாம். கறுவா எண்ணெய், சிட்ரொனெலா எண்ணெய் விடுவம். இயற்கைதானே?” என்று ஒரு தங்கச்சி சொன்னாள். அதற்கும் கவனம் வேண்டும். கறுவா இலை எண்ணெயில் யூஜெனோல் அதிகம். சிட்ரொனெலாவில் ஜெரானியோல் உண்டு. இரண்டும் அந்த 26 பொருட்களின் பட்டியலில் உள்ளவையே. மரத்திலிருந்து வந்ததா தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று தோல் பார்ப்பதில்லை. அளவுதான் முக்கியம்.

பிறகு பணத்தைப் பற்றிய வாக்குவாதம் வந்தது. “வாசம் இல்லாட்டி ஆர் மிஸ் வாங்குவினம்? கடன் கட்டவேண்டாமோ?” என்று கேட்டவருக்கு மூன்று பிள்ளைகள், கணவர் இல்லை. அவரது கேள்வியில் நியாயம் இருக்கின்றது. நான் அதற்குப் பிரசங்கம் பண்ணவில்லை. கடைசியில் எல்லோருமாக மூன்று முடிவுகள் எடுத்தோம். கடைக்காரரிடம் அந்த எண்ணெயின் பாதுகாப்புத் தரவுத் தாளையும், சர்வதேச வாசனைப் பொருள் சங்கத்தின் விதிகளுக்கு அமைந்தது என்ற இஃப்ரா சான்றிதழையும் கேட்பது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரை சேர்க்கலாம் என்பது அச்சான்றிதழில் இருக்கும். தாள் கிடைக்கும்வரை ‘லில்லி’யை நிறுத்தி, வாசமில்லாத சவர்க்காரத்தையும் ஒரு பகுதி செய்து பார்ப்பது. ஊற்றும் வேலைக்குக் கையுறையும் மேசைத் தராசும் வாங்குவது.

முதற் கடையில், “இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை” என்று சிரித்தார்கள். இரண்டாவது கடையில் கொழும்பில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். சென்ற சந்தையில் வாசமில்லாத சவர்க்காரம் பதினொன்று விற்றது. வழக்கமாக ‘லில்லி’ நாற்பது விற்கும். நட்டம்தான். ஆனால் வாங்கியவர்களில் நான்கு பேர் கைக்குழந்தை உள்ள தாய்மார். அவர்கள் மறுபடியும் கேட்டிருக்கிறார்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டிலுள்ள போத்தல்களை இன்றே எடுத்துப் பாருங்கள். எழுத்துச் சிறியதென்றால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ‘பியூட்டைல்ஃபீனைல்’ என்று தொடங்கும் பெயர் பட்டியலின் கடைசிப் பகுதியில் இருந்தால், அது பழைய இருப்பாகவோ, தடை இல்லாத நாட்டில் செய்ததாகவோ இருக்கலாம். ஐரோப்பாவில் போட்ட தடை எங்கள் ஊர்க் கடைக்குத் தானாக வந்து சேராது. பெரியம்மா மலிவு விலையில் வாங்கி அலுமாரியில் வைத்திருந்து அனுப்பிய போத்தலையும் அது தடுக்காது. அதைப் பூசுவதை நிறுத்திவிடுங்கள். இவ்வளவு நாளும் பூசினேனே என்று பயப்படவேண்டாம். நிறுத்தினால் போதும்.

பூசிவிட்டு உடம்பிலேயே விடும் கிறீம், லோஷன், சென்ற் ஆகியவற்றில்தான் கூடுதல் கவனம் தேவை. கழுவிவிடும் சவர்க்காரம் தோலில் தங்கும் நேரம் குறைவு. இந்தப் பயத்தில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதை மட்டும் ஒருவரும் விட்டுவிடக் கூடாது.

ஒரு நாளில் எத்தனை வாசனைப் பொருட்களைப் பாவிக்கிறீர்கள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஆறு என்றால் மூன்றாகக் குறைக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வாசமில்லாததே நல்லது. வாங்கும்போது ‘மணமற்றது’ என்று முன்பக்கத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பவேண்டாம். கெட்ட மணத்தை மறைக்க வாசனை சேர்த்துவிட்டும் அப்படி எழுதுவதுண்டு. பின்பக்கத்தில் ‘பர்ஃபியூம்’, ‘ஃபிராக்ரன்ஸ்’ என்ற சொற்கள் இல்லையா என்று பாருங்கள்.

புதிய கிறீம் ஒன்றை முகத்தில் பூச முன், முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது பூசுங்கள். காலையும் மாலையும் ஒரே இடத்தில் ஒரு கிழமை பூசிப் பாருங்கள். சிவந்தால், கடித்தால் நிறுத்துங்கள். புண், வெடிப்பு உள்ள தோலில் வாசனைப் பொருள் எதையும் பூசாதீர்கள்.

மூடியை இறுக்கி நிழலில் வையுங்கள். லினலூல், லிமொனீன் போன்றவை காற்றுப் பட்டுப் பழுதடையும்போது ஒவ்வாமையைக் கூடுதலாக உண்டாக்கும். தகரக் கூரைக்குக் கீழ் வெயிலில் வைத்த பழைய போத்தல் புதியதைவிடத் தொல்லை தரும். திறந்த டப்பா போன்ற ஒரு சிறு படத்தில் 12 என்று எழுதியிருந்தால், திறந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் பாவிக்கவேண்டும் என்பது பொருள். பின்பக்கத்தில் ஒன்றுமே எழுதாத பொருளை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். வாங்கி ஏமாந்திருந்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

அந்தத் தங்கச்சி சென்ற கிழமை கூட்டத்துக்கு வந்திருந்தாள். கிணற்றடியில் தனியே நிற்கவில்லை. மற்றவர்களோடு பாயில் இருந்து சவர்க்காரத்துக்கு உறை ஒட்டினாள். இம்முறை உறையின் பின்பக்கத்தில் நாங்களும் எழுதியிருக்கிறோம்: தேங்காய் எண்ணெய், தண்ணீர், சோடியம் ஹைட்ரொக்சைட். வாசனை சேர்க்கப்படவில்லை. தமிழில், பெரிய எழுத்தில்.

அடுத்த மாதம் சந்திப்போம்.